பூ வைக்கிற பிள்ளை

முசலிக் கரையோரம் ஒரு வீட்டு முற்றத்தில், சோளகக் காற்று வாரி வந்த மணல் பல்லில் கடிபட, கிருஷாந்தன் தன் வழக்கமான பேச்சைப் பேசிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய், பெற்றோரோடு பேசி, அந்தப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பி வைப்பதுதான் அவன் உத்தியோகம். பிரதேச செயலகத்தில் அதற்கு ஒரு வரியில் அடங்காத பெயர் இருக்கிறது. ஊர்ச் சனம் அவனை ‘ஸ்கூல் சேர்’ என்று சொல்லிப் பழகிவிட்டது.

பேச்சு எப்போதும் ஒன்றுதான். பதினாறு வயது வரைக்கும் படிப்பு கட்டாயம். மறித்து வைத்திருக்கத் தாய் தகப்பனுக்கும் உரிமை கிடையாது. என்ன பிரச்சினை என்றாலும் பேசித் தீர்க்கலாம். தீராவிட்டால் கோடு, கச்சேரி என்று வழக்குக்குப் போகவேண்டி வரும், அதை நான் விரும்பவில்லை. இந்தக் கடைசி வசனம் வரும்போது குரலைத் தணித்துக்கொள்வான். தணித்துச் சொன்னால்தான் ஆட்கள் பயப்படுகிறார்கள் என்பது வேலையில் கண்ட அனுபவம்.

அந்த வீட்டுக்காரி ஹிதாயா பயப்படவில்லை. அவளுடைய மகள் முஸ்பிரா எட்டாம் வகுப்போடு நின்றிருந்தாள். ஹிதாயா முக்காட்டின் நுனியைக் காற்றுக்குப் பறக்காமல் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டு முடித்தாள்.

“எல்லாம் சரி சேர். உங்கட ரெண்டு புள்ளைகளும் இன்றைக்கு ஸ்கூலுக்குப் போனாங்களா?”

கிருஷாந்தன் தன் தொலைபேசியை எடுத்து நேரம் பார்த்தான். நேரம் பார்க்க வேண்டிய தேவை ஒன்றும் இருக்கவில்லை.

“கோவிக்காதீங்க. மீன் விக்கிற நஸார் நானா சொன்னாரு. உங்கட ஊருக்குள்ள அவர் பெட்டியக் கட்டிட்டு வாற நேரம் ரெண்டும் வீட்டு மேசையில கொப்பியோட இருக்காம். ஒருநாள் ரெண்டுநாள் இல்லையாம்.”

“மூத்தவளுக்குச் சுகமில்லை.”

“இளையவவுக்கும் சேர்த்தா சேர்?”

உள்ளே மகள் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. ஹிதாயா அந்தப் பக்கம் திரும்பி அதட்டிவிட்டு, சட்டென்று குரலை மாற்றிக்கொண்டாள். “உங்கட வீட்டு விசயம் தெரியும் சேர். அல்லாஹ்தான் உங்களுக்கு மனசத் தரணும். நான் நக்கலுக்குச் சொல்லயில்ல. ஆனா ஒண்டு, உங்கட புள்ளைகள் போற அன்றைக்கு என்ட மகளும் போவா. ஒரே நாளையில அனுப்புவம். நீங்க போன் பண்ணுங்க, நான் சட்டைய மினுக்கி வெச்சிருக்கிறன்.”

அவன் மோட்டார் சைக்கிளை எடுத்தபோது, ஊற்றிவைத்த பிளேன்ரீயைக் குடிக்காமல் போகிறானே என்று அவள் பின்னால் கூப்பிட்டாள். கேட்காதவன் போல் ஓட்டினான்.

உயிலங்குளத்தில் இருந்து உள்ளே திரும்புகிற கிறவல் வீதியில், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் ஓடும் வாய்க்காலை ஒட்டி, அவன் வீடு இருந்தது. வீடு என்றால் அவன் மனைவியின் வீடு. யசோதினி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்தவள். யசோ ரீச்சர் என்றால் வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெரியும். காலையில் ஸ்கூட்டியின் முன்னால் இளையவள் வேணுஜா நிற்க, பின்னால் மூத்தவள் அபிசா இருக்க, மூன்று பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாக வருவார்கள். மழைக்காலத்துக் காலபோக வயலில் தன் தகப்பனுக்குச் சாப்பாடு கொண்டுபோய், சேற்றுக்குள் இறங்கி நின்று கதைத்துவிட்டு வந்த யசோவுக்குக் காய்ச்சல் பிடித்தது. சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் போட்டாள். மன்னாரில் எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடித்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். தைப்பொங்கலுக்குப் புதுப்பானை வாங்கி வைத்திருந்த வீடு. அந்தப் பானை இன்னும் அடுப்பில் ஏறவில்லை.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் அவளுக்கு நினைவஞ்சலி வைத்தார்கள். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற பழைய மாணவர்கள் சேர்ந்து, மண்டபச் சுவரில் மாட்டி வைக்கப் பெரிய படம் ஒன்று செய்வித்திருந்தார்கள். படத்தைச் சுற்றி மின்குமிழ் மாலை. கீழே ஒரு தட்டு, பூ வைப்பதற்கு. படத்தைத் திறந்து வைத்த பிறகு ஒலிவாங்கியை அவன் கையில் கொடுத்தார்கள். என்ன பேசினான் என்று அவனுக்கே சரியாக ஞாபகம் இல்லை. சனம் எல்லாம் அழுதது ஞாபகம் இருந்தது. அபிசாவை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டு, “அம்மாவுக்கு என்ர பிள்ளை ஒவ்வொரு நாளும் பூ வைப்பாள்” என்று சொன்னதும் ஞாபகம் இருந்தது.

அன்றிலிருந்து யசோவின் தமக்கை பூமணி விடியற்காலையில் எழும்பி நந்தியாவட்டைப் பூப் பறித்து, வாழையிலைத் துண்டில் சுற்றி, அபிசாவின் புத்தகப்பைக்கு மேல் வைத்துவிடுவாள். பூமணி பக்கத்து வளவில் இருந்தாள், கலியாணம் செய்யவில்லை, யசோவைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். இப்போது சமையலும் பிள்ளைகளும் அவள் பொறுப்பு.

மாசி கழிந்து பங்குனி பிறந்தபோது அபிசாவுக்குச் சத்தி தொடங்கியது. பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டால், மதிலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பாள். சனி ஞாயிறில் ஒன்றும் இல்லை. மன்னார் ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தார்கள், வயிற்றைப் படம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை, பிள்ளைக்குத் தாயின் கவலை என்றார்கள். அது அவனுக்கும் தெரியும். கவலைக்கு என்ன செய்வது? ஒரு கிழமை வீட்டில் நிற்கட்டும் என்று விட்டான். தமக்கை போகாமல் தனியே போகமாட்டேன் என்று வேணுஜாவும் நின்றாள். கிழமை மாதமானது.

முதலில் சும்மா இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் படிப்பித்தான். சாப்பாட்டு மேசையில் யசோவின் பாடநூல்களை அடுக்கினான். அலுவலகத்தில் அரைநாள் லீவு எடுத்தான். அது முடிய, காலையில் கணக்குக் கொடுத்துவிட்டுப் போய் மாலையில் வந்து திருத்தினான். அவனுக்கு அது புதிதில்லை. அவன் சிறுவனாக இருந்த காலத்தில் சண்டைக்கு இடம்பெயர்ந்து மடுவில் கூடாரத்துக்குள் இருந்தபோது, அரிசி மூட்டையின் மேல் கொப்பியை வைத்துத் தாய் சொல்லச் சொல்ல எழுதிப் படித்தவன். அப்படிப் படித்துத்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போனான். பள்ளிக்கூடம் இல்லாமலும் பிள்ளை படிக்கும் என்பதற்கு அவனே சாட்சி.

அபிசா படித்தாள். வகுப்பில் ஒரு தவணைக்கு ஓடுகிற பாடம் வீட்டில் சில கிழமைகளில் முடிந்தது. சத்தியும் நின்றது. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. கொழும்பில் சிலர் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பித்து, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஓ.எல். எழுத விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவர்களில் ஒருவரோடு தொலைபேசியில் பேசினான். பள்ளிக்கூடத்தை விட்டு முறையாக விலக்கும் விடுகைப் பத்திரம் எடுத்துவிட்டால் யாரும் ஒளித்துப் பிடித்து விளையாடத் தேவையில்லை. ஒருநாள் எடுப்போம் என்று இருக்கும். அடுத்தநாள், அலுவலகத்தில் யாரோ ஒரு தகப்பனுக்கு முன்னால் குரலைத் தணித்துக் கோடு கச்சேரி என்று சொல்லும்போது அந்த எண்ணம் கலைந்துபோகும்.

ஆனால் அந்த மேசை அவனுக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை. கேற்றைச் சாத்திவிட்டால் யாரும் ‘என்ன செய்யிறது தம்பி’ என்று தலையைச் சரித்துக்கொண்டு கேட்க வரமாட்டார்கள். பிள்ளைகள் இருவரும் கண்ணுக்கு முன்னால். அபிசா எழுதும்போது அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். பேனையைப் பிடிக்கிற விதம், யோசிக்கும்போது கீழுதட்டை உள்ளே இழுக்கிற விதம். நாள் போகப்போக, அவன் வேலைக்குப் போவதே குறைந்துபோனது. வேணுஜா மட்டும் கேற்றின் கம்பியில் ஏறி நின்று, பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காலையில் பள்ளிக்கூடத்துத் தேவாரத்தின் சத்தம் வாய்க்காலுக்கு மேலால் வீட்டுக்குள் வந்தால், அபிசா எழும்பிப் போய்ச் சன்னலைச் சாத்துவாள். காற்றுக்கு மணல் வருகிறது என்று சாத்துகிறாள் என்றே அவன் நினைத்திருந்தான்.

ஹிதாயாவின் வீட்டுக்குப் போய்வந்த அதே கிழமை, பின்னேரம், ஹலீம் வந்தான். அலுவலகத்தில் பக்கத்து மேசை. ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். ஹலீம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்ற முதலே சத்தம் போட்டுக் கூப்பிடுவான். அன்றைக்குக் கேற்றடியில் நின்று மணி அடித்தான். கையில் பைல் இருந்தது.

“நான் மச்சானா வரயில்ல. கோவிக்காத.”

“தெரியும். வந்து இரு.”

“முறைப்பாட்டு இலக்கத்துக்கு யாரோ போன் அடிச்சிருக்காங்க. மாவட்டத்தில இருக்கிறவங்க உன்னத் தெரிஞ்சவங்கதானே. வேற ஆக்கள் வர முந்தி நீ ஒருக்காப் போய்ப் பேசு என்று என்ன அனுப்பினாங்க.”

விறாந்தையில் இரண்டு கதிரைகளைப் போட்டார்கள். பூமணி பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவு நிலையோடு நின்றுகொண்டாள்.

“சரி, கேள்,” என்றான் கிருஷாந்தன்.

“நீயே கேட்டுக்கொள்ளு. இந்தக் கேள்வியெல்லாம் பயிற்சி வகுப்பில நீ சொல்லித் தந்ததுதானே.” சிரிக்கப் பார்த்து முடியாமல், ஹலீம் பேனையைத் திறந்தான். “பிள்ளைகள் போகாததுக்குக் காரணம்?”

“மூத்தவளுக்கு ஏலாது.”

“டொக்டர்?”

“ஒண்டும் இல்லையாம். நான் வீட்டில படிப்பிக்கிறன் மச்சான். பள்ளிக்கூடத்தைவிட வடிவாப் படிக்கினம். வந்து கொப்பியைப் பார்.”

“நீ முந்தி இலுப்பைக்கடவைப் பக்கம் வேலை செய்யக்குள்ள, ஒரு ஆள் இதேதானே சொன்னாரு? மகனுக்கு நான் வீட்டில படிப்பிக்கிறன் என்று. நீ அவருக்கு என்ன சொன்னாய்? என்னட்ட வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாய்.”

கிருஷாந்தன் பிளேன்ரீயை ஹலீமின் பக்கம் நகர்த்தி வைத்தான்.

“புள்ளைக்கிட்டக் கேட்டியா, ஏன் போகமாட்டா என்று?”

“பெற்றோரிட்ட விசாரிக்கிறதுதானே எங்கட முறை.”

“பெற்றோர் நீதானேடா. அப்ப எனக்குச் சொல்லு.”

கிருஷாந்தன் நிலத்தைப் பார்த்தான். இந்தக் கேள்விக்கு முன்னால் எத்தனையோ தாய் தகப்பன்மார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்ததை அவன் பார்த்திருக்கிறான். மறைக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் நினைத்திருக்கிறான்.

முற்றத்து வேம்பின் கீழிருந்து வேணுஜாவின் குரல் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுகிற குரல். பள்ளிக்கூட அதிபர் அமிர்தநாயகம் எதைச் சொல்வதென்றாலும் முதலில் இப்படித்தான் இரண்டு தரம் செருமுவார். ஹலீம் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

மரத்தின் கீழ் ஒரு கதிரையில் சுளகு ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்னால் சாப்பாட்டுக் கோப்பை மூடி. இரண்டு பொம்மைகளும் கட்டிநின்ற ஆட்டுக்குட்டியும் வரிசையில் நின்றன. அபிசா கொஞ்சம் தள்ளி வேரில் இருந்து புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் நேரா நில்லுங்கோ. தேவாரம் முடிஞ்சுது. இப்ப எங்கட யசோ ரீச்சருக்கு ஒரு நிமிசம்.” வேணுஜா செருமினாள். “ரீச்சரின்ர மகள் முன்னுக்கு வாங்கோ.”

“நான் விளையாட வரேல்லை.”

“வாங்கோ அக்கா! எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்.”

அபிசா எழுந்தாள். விளையாட்டுக்கு எழும்புகிற பிள்ளை போல் எழவில்லை. யாரோ தோளில் பிடித்துத் தூக்கியது போல் எழுந்தாள். தங்கை நீட்டிய வேப்பிலைக் கொத்தை வாங்கிக்கொண்டு, கையைக் கூப்பி, தலையைக் குனிந்து, சுளகுக்கு முன்னால் போய் நின்றாள். இலையை மூடியில் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பாமல் அப்படியே நின்றாள். வேணுஜா எட்டி நின்று, அதிபரின் குரலை விட்டுத் தன் குரலில், மெதுவாகச் சொன்னாள்:

“அழுங்கோ அக்கா. அழுதால்தான் முடியும்.”

அபிசா சுளகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு மரத்தின் பின்னால் ஓடினாள். சத்தி எடுக்கிற சத்தம் விறாந்தை வரை கேட்டது.

ஹலீம் பைலை மூடினான். பேனையை மூட மறந்து, சட்டைப்பையில் நீலம் பரவியது. “நான் பிறகு வாறன் மச்சான்,” என்றான்.

கிணற்றடியில் மகளின் முகத்தைக் கழுவிவிட்டுக் கிருஷாந்தன் கிணற்றுக் கட்டின் மேல் குந்தினான். அதிகாரியாகக் கேட்கத் தெரிந்த கேள்விகள் எல்லாம் தொலைந்து போயிருந்தன. “ஏன் பிள்ளை அப்பாட்டச் சொல்லேல்லை?” என்று மட்டும் கேட்டான்.

“நீங்கள்தானே சொன்னனீங்கள். எல்லாருக்கும் முன்னால. ஒவ்வொரு நாளும் வைப்பாள் எண்டு.”

வாளியில் கையை விட்டு அளைந்துகொண்டு, தண்ணீரைப் பார்த்துத்தான் மிச்சத்தையும் சொன்னாள். “முதல் அழுகை தானா வந்தது. பிறகு வரேல்லை அப்பா. வராட்டில் எல்லாரும் பாத்துக்கொண்டே நிப்பினம். அதிபர் சேரும் வகுப்புக்கு விடமாட்டார். நான் அழுதால் ஒரு ரீச்சர் வந்து தலையைத் தடவுவா, பிறகு எல்லாரும் வகுப்புக்குப் போகலாம். ஒருநாள் வரிசையில நிக்கேக்க பக்கத்தில நிண்டவள் என்னவோ சொல்ல நான் சிரிச்சிட்டன். தாய் செத்த ஈரம் காயேல்லை, பார் சிரிக்கிறதை எண்டு பின்னால ஆரோ சொல்லிச்சினம்.”

“ஆர் சொன்னது?”

“தெரியாது.” பிறகு, “அந்தப் படத்தில இருக்கிறது அம்மாவும் இல்லை. அம்மாட்ட அந்தச் சங்கிலி இல்லைத்தானே,” என்றாள்.

படத்துக்கு ஸ்ரூடியோக்காரன் பின்னால் நீலத்திரை போட்டு, கழுத்தில் தடித்த சங்கிலி ஒன்றையும் வைத்திருந்தான். குடும்பமாக எடுத்த படத்தில் இருந்து அவளை மட்டும் வெட்டி எடுத்தது. அவன் தோள் இருந்த இடத்தில் திரை. இதெல்லாம் அவனுக்குத் தெரியும். நன்றாக இருக்கிறது என்று அவனும்தான் சொன்னான்.

“உனக்கு வீட்டிலயே படிக்க விருப்பமோ? அப்பா ஒழுங்கு பண்ணுறன். இனி அங்க போகவே தேவையில்லை.”

அபிசா வாளிக்குள் இருந்து கையை எடுத்தாள். “வீட்டில நீங்களும் பாத்துக்கொண்டுதானே அப்பா இருக்கிறீங்கள்.”

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பூமணி பிட்டைப் போட்டுவிட்டு, போகாமல் நின்றாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். “இனிப் பிள்ளை போனாலும் பூவை நிப்பாட்டச் சொல்லுறியளோ தம்பி?”

“இல்லை அக்கா.”

“எரிச்சுச் சாம்பலைக் கடலில கரைச்சாச்சு. என்ர தங்கச்சிக்கு இருக்கிறது அந்த ஒரு இடம்தான். நான் அங்க போறேல்லை. படிக்காதவள், அங்க போய் என்ன செய்யிறது? பூவைத்தான் அனுப்பினனான்.” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “பிள்ளைக்கு இப்பிடி எண்டு தெரிஞ்சிருந்தால் நான் அவளின்ர பைக்கு மேல வைச்சிருப்பனோ?”

அவன் கோப்பையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான்.

அடுத்தநாள் காலை அவன் அதிபரைப் பார்க்கப் போனான். அமிர்தநாயகம் ஓய்வு பெறுகிற வயதில் இருந்தார். யசோவுக்கும் படிப்பித்தவர். அவள் பொறுப்பாக இருந்த வகுப்புக்கு இன்னும் வேறு ஆள் வரவில்லை என்பதால் அதையும் அவரே எடுத்துக்கொண்டிருந்தார். கிருஷாந்தன் சொன்னதை எல்லாம் இடையில் பேசாமல் கேட்டார். பிறகு இரண்டு தரம் செருமினார்.

“படத்தைக் கழட்டச் சொல்லுறீரோ தம்பி?”

அந்தக் கேள்வி மேசையில் கிடந்தது. ஆம் என்று சொன்னால் அவர் கழற்றுவார். கழற்றிய படத்தை எங்கே வைப்பது? பூமணியிடம் யார் போய்ச் சொல்வது? படம் போன சுவரில் ஆணியும் வயரும் இருக்கும். ஏன் கழற்றினார்கள் என்று ஊர் கேட்கும். மகளுக்குப் பிடிக்கவில்லையாம் என்று யாரோ பதில் சொல்வார்கள். அந்தப் பதில் அபிசா கலியாணம் கட்டிப் போகும்வரைக்கும் அவளோடு நடக்கும்.

“இல்லை சேர்.”

“நான் பிழையா ஒண்டும் செய்யேல்லை. நீர் மைக்கில சொன்னனீர். ஊரே கேட்டது. வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் வெள்ளிக்கிழமையில வீடியோ அனுப்பச் சொல்லிக் கேக்கினம். பிள்ளை வராமல் விட்ட நாளில இருந்து, ஏன் மகளைக் காணேல்லை எண்டு கேள்வி. அந்தத் தட்டில ஆர் வைக்கிறது எண்டு தெரியாமல் நான் ஒவ்வொரு நாளும் முழிச்சுக்கொண்டு நிக்கிறன். வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் வரைக்கும் எண்டாலும் நடத்தினால், பிறகு மெல்ல விடலாம்.”

“அவள் முன்னுக்கு வரமாட்டாள் சேர். விடுகைப் பத்திரம் கேக்கத்தான் வந்தனான். ரெண்டு பேருக்கும்.”

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். “உம்மட உத்தியோகம் என்ன ஆகும்?”

“தெரியும்.”

“வீட்டில வைச்சு எவ்வளவு காலம்?”

“தெரியாது.”

“அவள் படிப்பிச்ச பள்ளிக்கூடத்தில இருந்து அவளின்ர பிள்ளையளுக்கு நானே வெட்டிக் குடுத்துப்போட்டு, நாளைக்கு அந்தப் படத்துக்கு முன்னால எப்பிடித் தம்பி நிப்பன்?” அவருடைய குரல் இப்போது செருமாமலே உடைந்திருந்தது. “எனக்கு ஒரு வழி சொல்லும். நீர்தானே ஊரெல்லாம் போய் வழி சொல்லுறனீர்.”

வெளியே மண்டபத்தில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை இழுக்கிற சத்தம் கேட்டது. நினைவஞ்சலிக்குப் பிறகு கிருஷாந்தன் அந்த மண்டபத்துக்குள் போகாமல், வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பியவன். சன்னலால் பார்த்தால் படத்தின் ஒரு மூலையும் எரிந்து எரிந்து அணைகிற ஒரு குமிழும் தெரிந்தன. எழும்பி ஓடிவிடவேண்டும் போல் இருந்தது. வீட்டு மேசையும் சாத்திய கேற்றும் ஞாபகம் வந்தன. அங்கே போனால் அபிசா தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருப்பாள், அவன் பார்க்கிறான் என்று தெரிந்துகொண்டு.

“நான் வைக்கிறன் சேர்,” என்றான்.

“என்ன?”

“பூவை. ஆட்டைத் திவசம் வரைக்கும் நான் வந்து வைக்கிறன். ஒவ்வொரு நாளும். பிள்ளையள் அந்த நேரம் வகுப்பில இருக்கட்டும். கேக்கிற ஆக்களுக்கு, தகப்பன் தானே வைக்கவேணும் எண்டு பிடிவாதம் பிடிக்கிறான் எண்டு சொல்லுங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை அவன் ஹிதாயாவுக்குத் தொலைபேசி எடுத்தான். “நாளைக்கு,” என்றான்.

“ரெண்டு பேருமா சேர்?”

“ஓம், ரெண்டு பேரும்.”

“அப்ப முஸ்பிராவும் போவா. சொன்னாச் சொன்னதுதான்.” பிறகு, “நீங்க?” என்று கேட்டாள். அவனும் எங்கோ போகவேண்டியவன் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை. ஒருவேளை சும்மா மரியாதைக்குக் கேட்டதாகவும் இருக்கலாம். “நானும்தான்,” என்று சொல்லிவிட்டு வைத்தான்.

திங்கட்கிழமை விடிய, பூமணி வாழையிலைச் சுருளை அபிசாவின் பைக்கு மேல் வைக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறியிருந்தவனின் கையில் கொடுத்தாள். பிள்ளைகள் பக்கத்துக் கேற்றால் வகுப்புக்குப் போனார்கள். அபிசா மதிலைப் பிடிக்கவில்லை. மூன்று நான்கு அடி போய்த் திரும்பி, அவன் கையில் இருந்த சுருளைப் பார்த்தாள். எதையோ சொல்ல வந்தவள் போல் நின்றுவிட்டு ஓடினாள்.

மண்டபத்தில் தேவாரம் முடிந்தது. அமிர்தநாயகம் செருமினார். “எங்கட யசோ ரீச்சருக்கு ஒரு நிமிசம்.”

அவன் முன்னுக்குப் போனான். வாங்குகளுக்கு நடுவில் ஒரு நீளமான பாதை. இரு பக்கமும் கண்கள். படம் அவன் ஞாபகத்தில் இருந்ததைவிடப் பெரியது. கழுத்தில் அந்தச் சங்கிலி. அவனுடைய தோள் இருந்த இடத்தில் நீலம். பூவைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். இனித் திரும்பலாம் என்று பார்த்தால், யாரும் அசையவில்லை. ஒரு நிமிடம் எப்போதோ முடிந்திருக்க வேண்டும். ஆசிரியர்கள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு ஆசிரியை கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். இதற்குள்தான் பிள்ளை ஒவ்வொரு நாளும் நின்றாள். அழுகை வரவில்லை. கண் வறண்டுபோய்க் கிடந்தது. ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் எத்தனையோ திங்கட்கிழமைகள் இருந்தன.

அப்போது வகுப்புக் கட்டிடத்தின் பக்கமிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அடக்கப் பார்த்து முடியாமல், கலகலவென்று கொட்டுகிற சிரிப்பு. மாதக்கணக்காக அந்தச் சத்தம் அவன் வீட்டில் இல்லை. ஆனாலும் யாருடையது என்று அவனுக்குத் தெரிந்தது. மண்டபத்தில் தலைகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் திரும்பின. பின்வரிசையில் ஒரு ஆசிரியை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சன்னலை நோக்கி ஓரடி வைத்தாள்.

கிருஷாந்தன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, மண்டபம் முழுவதும் கேட்கும்படி, சத்தமாக அழத் தொடங்கினான்.